ஜீரோ சரியாத்தான் இருந்துச்சு

வா பாப்பா, உள்ள வா. செருப்பை வெளியில விடாத, மழை அடிச்சுக்கிட்டுப் போயிரும். இப்படி ஓரமா உள்ளயே போடு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடுது. இதுல உட்காரு. மல்லிகா, யாரு வந்திருக்கா பாரு, அடைக்கலண்ணன் பொண்ணு ரெஜினா. ஒரு காபி போடு. நீ சர்க்கரை எவ்வளவு போட்டுப்ப? உங்கப்பா மூணு ஸ்பூன் போடுவாரு, அப்புறம் டம்ளரைக் கவுத்து அடியில நிக்கிறதையும் நக்குவாரு.

மூணு வருஷம் ஆச்சு நீ இந்த வீட்டுப் படி மிதிச்சு. அண்ணி தெருவுல எதிர்ல வந்தா என்னைப் பார்த்துட்டுப் பக்கத்துச் சந்துல திரும்பிடுறாங்க. போன பங்குனியில பஸ் ஸ்டாண்டுல எனக்கு நேரா நின்னாங்க, நாலடி தூரம்தான். "அண்ணி"ன்னு கூப்பிட்டேன். பஸ்ஸுல எழுதியிருக்கிற ஊர்ப் பேரைப் படிச்சுக்கிட்டே நின்னாங்க. அது அவங்க போற பஸ்ஸுகூட இல்ல. எனக்கு வருத்தந்தான். நான் என்ன பண்ணினேன் அவங்களுக்கு? கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

சொல்லு, என்ன விஷயம்? கல்யாணப் பத்திரிகையா இருக்கும்னு நினைச்சேன், கையில ஒண்ணையும் காணோமே.

ஓ. நாளன்னைக்குக் கல்லறைத் திருநாளா. ஆமாமா, ஐப்பசி வந்துருச்சுல்ல.

கல்லு இன்னும் வைக்கலையா? மூணு வருஷமா வெறும் மண்மேடுதானா? நான் ஒருத்தன், வந்து பார்த்திருந்தாத்தானே தெரியும். மழை பேஞ்சா கரைஞ்சு போகுமே பாப்பா. வருஷா வருஷம் நீங்களே மண்ணு வெட்டிப் போட்டுக் கூட்டுறீங்களா? அண்ணி முதுகு வலியோட மண்ணு சுமக்குறாங்களா? என்ன பிடிவாதம் இது. ஒரு கல்லு வச்சுப் பேரு எழுதுறதுல என்ன இருக்கு?

சரி, சரி. அழாத. புரியுது. கம்பெனி பேப்பர்ல அந்த வரி இருக்கிற வரைக்கும் கல்லு வேணாம்ங்கறாங்க. "ஆபரேட்டர் அனுமதியில்லாமல் தன்னிச்சையாக வால்வை மூடியதால் நேர்ந்த விபத்து." எனக்கும் மனப்பாடம்தான். அதுக்குக் கீழ சாட்சின்னு என் கையெழுத்தும் இருக்கு. அதுக்காகத்தான் அவங்க என் முகத்துல முழிக்கிறதில்ல. தெரியும்.

இப்ப நான் என்ன எழுதிக் குடுக்கணும்? மீட்டரு தப்புன்னா? எப்படிம்மா எழுதுவேன்? ஜீரோ சரியாத்தான் இருந்துச்சு. ஆபீசர் கண்ணு முன்னால பார்த்தேன், உங்கப்பா கண்ணு முன்னாலயும் பார்த்தேன். சரியா இருந்ததைத் தப்புன்னு எழுதச் சொன்னா நான் எங்க போவேன்? எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருக்கு.

நான் மொத்தமும் சொல்றேன். காபியைக் குடிச்சுக்கிட்டே கேளு. நீ நர்ஸு, உனக்குச் சட்டுனு பிடிபடும். அப்புறம் நீயே அண்ணிகிட்டப் போய்ச் சொல்லு, கலியமூர்த்தி மேல தப்பில்லன்னு.

பூமிக்குள்ளேருந்து வர்ற கேஸ் சுத்தமா வராது. தண்ணியும், பெட்ரோல் மாதிரி ஒரு எண்ணெயும் கலந்துதான் வரும். ஒரு நேரம் வெறும் காத்தா வரும், ஒரு நேரம் குபுக்குனு ஒரு குடம் தண்ணியைத் தள்ளிக்கிட்டு வரும். சொல்லிக்கிட்டா வருது? அதை ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள்ள விடுவோம். ரெண்டு ஆள் உசரம், சுத்தியும் மூடினது. தண்ணி அடியில தங்கும், கேஸ் மேல் வழியாக் கம்ப்ரசருக்குப் போகும். கம்ப்ரசருக்குத் தண்ணி போகவே கூடாது. காத்தை அமுக்குற மெஷினு அது. தண்ணி அமுங்குமா? உள்ள போச்சுன்னா மெஷினே சிதறிப் பக்கத்துல நிக்கிற ஆளெல்லாம் குளோஸ். அதனால தொட்டியில தண்ணி ஒரு அளவுக்கு மேல ஏறினா, அடியில உள்ள வால்வு தானாத் திறந்து வெளியேத்திரும்.

அந்த வால்வுக்கு எப்படித் தெரியும் தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு? அங்கதான் உன் சித்தப்பன் வர்றேன். தொட்டிக்கு அடியிலேருந்து ஒரு குழாய், உச்சியிலேருந்து ஒரு குழாய், சுண்டுவிரல் தண்டி. கால்னு சொல்வோம் நாங்க. ரெண்டு காலும் கீழ வந்து ஒரு மீட்டர்ல சேரும். அடிக்கால்ல கேஸோட அழுத்தமும் இருக்கும், தண்ணியோட கனமும் இருக்கும். மேல்கால்ல கேஸோட அழுத்தம் மட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் தண்ணி. டிபி மீட்டர்னு பேரு. நீ நர்சிங் சேர்ந்தப்ப சொன்னேனே, நீ பிபி பாரு, நான் டிபி பார்க்கிறேன்னு, ஞாபகம் இருக்கா? உங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு.

இதுல ஒரே ஒரு சங்கடம். மேல்கால் காஞ்சு கிடக்கணும். கேஸ் குளுந்து அதுக்குள்ள சொட்டுச் சொட்டாத் தண்ணி சேர்ந்துச்சுன்னா, அந்தத் தண்ணியும் தன் கனத்தைக் காட்டும். ரெண்டு பக்கமும் கனமானா வித்தியாசம் ஏது? தொட்டி நிறைஞ்சு கிடக்கும், மீட்டரு பாதிகூட இல்லைம்பான். அதுக்குன்னே மேல்காலோட அடியில ஒரு குட்டி வால்வு வச்சிருப்பாங்க. திறந்தா சேர்ந்ததெல்லாம் வடிஞ்சிரும். மாசத்துக்கு ஒரு தடவை திறக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. மாசம் தவறாம நான் திறந்திருக்கேன். நாலு சொட்டு வரும், அவ்வளவுதான். மத்த கேஸ் ஸ்டேஷன்ல எல்லாம் டம்ளர் டம்ளரா வருதும்பாங்க. நம்ம கால் எப்பவும் காஞ்சு கிடக்கும். அது நான் குழாயை வளைச்ச வளைவு அப்படி. ஒரு இடத்துலகூடத் தண்ணி தங்காம, சரிவு பார்த்துப் பார்த்து வளைச்சது. வேற ஸ்டேஷன்லேருந்து வந்து போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் தினமும் காலையில ஜீரோ. ரெண்டு காலையும் அடைச்சிட்டு நடு வால்வைத் திறந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். வித்தியாசம் ஜீரோன்னு காட்டணும். காட்டும். பதினோரு வருஷம் என் மீட்டரு ஒரு புள்ளி பிசகினதில்ல. அதோ அந்த ஷோகேஸ்ல இருக்கே ஷீல்டு, அதுக்காகக் குடுத்ததுதான். மேடையில அதை வாங்குறப்ப, கடைசி வரிசையில நின்னு ஒருத்தர் விசில் அடிச்சாரு பாரு, உங்கப்பாதான். நாற்பத்தெட்டு வயசு ஆளு, வாயில ரெண்டு விரலை வச்சு.

என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாரு. ஆசை வந்தா கலியான்னு. ஒரே ஷிப்டுன்னா அவரு சோத்துல பாதி எனக்கு. அண்ணி வைக்கிற திருக்கை மீன் குழம்பு இருக்கே, மல்லிகா காதுல விழுந்தாலும் பரவாயில்ல, அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது. அப்படி இருந்தோம் நாங்க.

எல்லாம் அந்த ஆயுத பூஜையில கெட்டுச்சு.

பூஜைன்னா நம்ம ஸ்டேஷன்ல அமர்க்களமா இருக்கும். வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை வச்சு, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு. என் மீட்டரைப் பளபளன்னு துடைச்சு, நடு நெத்தியில பொட்டு வச்சு, ஒரு முழம் செவ்வந்தி சுத்தியிருந்தேன். புதுசா வந்த இன்சார்ஜ் சார் குடும்பத்தோட வந்திருந்தாரு. எல்லாருக்கும் சுத்திக் காட்டிக்கிட்டு வர்றேன். தொட்டிகிட்ட வந்து பார்த்தா, உங்கப்பா ஸ்பேனரோட என் மீட்டருக்கு அடியில உட்கார்ந்திருக்காரு. மேல்கால் வால்வைத் திறந்து விட்டிருக்காரு. புஸ்ஸுனு ஒரு சீறல், கருப்பா எண்ணெயும் தண்ணியும் தெறிச்சு, சந்தனம் குங்குமம் எல்லாம் ஒழுகிக் கீழ இறங்குது. பூவெல்லாம் நாறிப்போச்சு. சாரோட சம்சாரம் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க.

சாரு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "கலியமூர்த்தி, உங்க மீட்டரை யாரு வேணாலும் திறக்கலாமா?"

சுத்தி நின்ன பத்துப் பேரும் சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு. பூஜை போட்ட மீட்டரு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதுல ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாது. "உங்க சாமியா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா"ன்னு கேட்டுட்டேன். வருஷா வருஷம் எனக்கு முன்னால வந்து வாழைக்கன்னு கட்டுறவரு அவருதான். ஸ்பேனரைக் கால்சட்டையில துடைச்சாரு. "தம்பி, நான் என்னன்னா"ன்னு ஏதோ ஆரம்பிச்சாரு. நான் கேக்கல. மறுநாள் கடைவீதியில ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கியாந்து, அந்த வால்வுல மாட்டிட்டேன். சாவி என் கால்சட்டைப் பையில.

அதுக்கப்புறம் பேச்சு வார்த்தை இல்ல. அவருக்கும் ரோஷம், எனக்கும் ரோஷம். அவராவது வந்து விவரமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இல்ல, வந்தாரு. ஒரு தடவை வந்தாரு. பத்து நாள் கழிச்சு, கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில. என் டீக்கும் அவரே சொல்லிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தாரு. "பூட்டு இருக்கட்டும் தம்பி. மழைக்காலம், கேஸ் குளுந்து வருது. நீயாவது தினம் ஒரு தடவை திறந்து விட்டுடு"ன்னாரு. என் வேலையை எனக்குச் சொல்லித் தராதீங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன். டீயைக் குடிக்கல. மாசம் ஒரு தடவைன்னு புஸ்தகம் சொல்லுது, நான் புஸ்தகப்படி போறவன். இதுல தப்பு எங்க இருக்கு?

அப்புறம் அந்த நாள். பூட்டுப் போட்டு இருபத்தி நாலாம் நாளு. விடியறதுக்கு முன்னாலேயே பிடிச்ச மழை, விடவே இல்ல. உங்கப்பா காலை ஷிப்டு. நான் கம்ப்ரசர் ஷெட்டுல ஒரு கேஜ் மாட்டிக்கிட்டு இருக்கேன். உள்ள மொத்தம் ஏழு பேரு. உங்கப்பா தொப்பலா நனைஞ்சு வந்து நின்னாரு. இருபத்தி நாலு நாள்ல டீக்கடைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என்கிட்டப் பேசுறாரு.

"கலியா, தொட்டியைக் கை வச்சுப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் ஜில்லுனு கிடக்கு. உள்ள தண்ணி ஏறி நிக்குது. மீட்டரு காட்டல. மேல்கால் நிறைஞ்சிருக்கும், சாவியக் குடு."

மீட்டர்ல முப்பத்தெட்டு. நூத்துக்கு முப்பத்தெட்டு. நாலு நாளா ஆடாம அசையாம முப்பத்தெட்டுலயே நிக்குது. மீட்டருன்னா அப்படி நிக்கணும்னு அதுக்கு முந்தின நாள்தான் சார்கிட்டப் பெருமையாச் சொன்னேன். அவரு என்னடான்னா கையை வச்சுப் பார்த்தேங்கிறாரு. மழையில எந்த இரும்பு ஜில்லுனு இல்லாம இருக்கும்?

ஆனா நான் உதாசீனம் பண்ணல பாப்பா. அதை நீ அண்ணிகிட்ட அழுத்திச் சொல்லணும். போட்டது போட்டபடி எந்திரிச்சுப் போனேன். சாரையும் கூப்பிட்டேன். மழையில மூணு பேரும் நிக்கிறோம். ரெண்டு காலையும் அடைச்சேன். நடு வால்வைத் திறந்தேன். ஜீரோ. அச்சு அசலா ஜீரோ. "பாருங்க சார், பாருங்கண்ணே"ன்னு ரெண்டு பேருக்கும் காட்டினேன். திரும்பவும் போட்டேன், முப்பத்தெட்டு. தொட்டியோட அடி வால்வைக் கையால திறந்து தண்ணியை வெளியேத்தலாமான்னு உங்கப்பா சாரைக் கேட்டாரு. சாரு வேணாம்னுட்டாரு. அவரு சொன்னதும் நியாயந்தான். தண்ணி கம்மியா இருக்கிறப்பத் திறந்தா, தண்ணியோட சேர்ந்து கேஸும் வெளிய பாய்ஞ்சு தீப்பிடிக்கும். மீட்டரு கம்மின்னு சொல்லுது, ஜீரோவும் சரியா இருக்கு, அவரு யாரை நம்புவாரு?

சாரு போனப்புறம் உங்கப்பா என் கையைப் பிடிச்சாரு. "சாவி மட்டும் குடு தம்பி. ஒரே நிமிஷம். காலை வடிச்சிட்டு நம்பரைப் பாரு, அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்"னாரு.

நான், "அதான் ஜீரோ பார்த்தீங்கல்ல, போங்கண்ணே"ன்னுட்டு ஷெட்டுக்கு வந்துட்டேன்.

ஒரு இருபது நிமிஷம் இருக்கும். குழாய்க்குள்ள பாறாங்கல்லு உருண்டு வர்ற மாதிரி ஒரு சத்தம். ஷெட்டுத் தரை அதிருது. நாங்க ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோம், யாருக்கும் கால் நகரல. அப்புறம் ஒரே ஒரு இடி. கம்ப்ரசர் தானா நின்னு போச்சு. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

தொட்டிக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒரு பெரிய வால்வு, கையால சுத்துறது. முழுசா மூட இருபது சுத்துக்கு மேல சுத்தணும். உங்கப்பா ஓடிப் போய் அதை மூடியிருக்காரு. மூடி முடிக்கவும் தண்ணி மொத்தமா வந்து அந்த வால்வுல மோதவும் சரியா இருந்திருக்கு. குழாய் தாங்கியை விட்டு எகிறி நேரா நெஞ்சுல. நான்தான் முதல்ல ஓடினேன். மடியில தூக்கிப் போட்டுக்கிட்டேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. நான் அழுதேன் பாப்பா, மத்தவங்க சொல்ற மாதிரி கல்லு மாதிரி நிக்கல. மழையில யாருக்கும் தெரியல, அவ்வளவுதான். எங்க ஏழு பேருக்கும் ஒரு கீறல் இல்ல.

மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணைக்காரங்க வந்தாங்க. மீட்டரைத்தான் முதல்ல பார்த்தாங்க. ஜீரோ போட்டுக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். காலை வடிச்சுக் காட்டச் சொன்னாங்க. திறந்தேன். நாலு சொட்டு. காஞ்ச காலுன்னு எழுதிக்கிட்டாங்க. மீட்டரு சரி, கால் சரி, அப்ப யாரு தப்பு? ஓடிப்போய் வால்வை மூடினவரு தப்பு. அவங்க எழுதினாங்க, சரிதானான்னு கேட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். நான் பொய் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

என்னது? நாலு சொட்டுன்னா, அதுக்கு முன்னால யாரு வடிச்சதா?

நான்தான். முந்தின நாள் சாயங்காலம் வடிச்சேன். உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ட்டாங்க. எல்லாரும் கேட்டு வாசல்ல நிக்கிறாங்க. நான் மட்டும் தொட்டிகிட்டப் போனேன். எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. மாசாந்தர வேலைதானே, நாள் நெருங்கிருச்சுல்ல, செஞ்சு வச்சிருவோம்னு. பூட்டைத் திறந்தேன். குடிக்கிற தண்ணி பாட்டில் ஒண்ணு கையில இருந்துச்சு, அரை லிட்டர். அதைப் பிடிச்சேன். முக்கால் பாட்டிலு வந்துச்சு. அப்புறம் நம்பரு... அதை எதுக்கு இப்ப. நம்பரு ஏறுச்சு. சரி, ஏறுச்சு. தொண்ணூத்தாறுக்குப் போச்சு, அடி வால்வும் தானாத் திறந்து தண்ணியெல்லாம் வெளியேறிருச்சு.

அப்படிப் பார்க்காத பாப்பா. அதை நான் ஒளிக்கணும்னு ஒளிக்கல. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. பதினோரு வருஷம் நாலு சொட்டுக்கு மேல வராத காலு, அந்த ஒரு மாசம் மட்டும் நிறைஞ்சதுன்னா அது என் நேரம். மழை ஜாஸ்தி, குளிர் ஜாஸ்தி. என் வளைவுல எந்தக் குறையும் இல்ல.

என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. மெதுவாச் சொல்லு.

மூக்கு சிந்தி விடுறதா?

உங்கப்பா சொல்வாரா? வீட்டுல வந்தா? "கலியன் மீட்டருக்கு மூக்கு சிந்தி விட்டுட்டு வந்தேன்"னு? எப்பலேருந்து? நீ ஸ்கூல் போறப்பலேருந்தா? எந்த ஷிப்டா இருந்தாலுமா? சட்டையில அந்த எண்ணெய் வாடை அடிக்குதுன்னு அண்ணி தனியா ஊற வைப்பாங்களா? நீங்கல்லாம் அதை வச்சுச் சிரிப்பீங்களா?

என்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலையே பாப்பா. எதுக்குச் சொல்லல?

என்ன, எனக்கு ஷீல்டு குடுத்த அன்னைக்கா? "அவன் வளைவுதான் காரணம்னு நினைச்சுச் சந்தோஷமா இருக்கான், இருக்கட்டும் செசீலி"ன்னு அண்ணிகிட்டச் சொன்னாரா?

மல்லிகா, அந்த ஃபேனை நிறுத்து. ஒண்ணும் கேக்கல எனக்கு.

ஒரு தடவை உங்கப்பா குடலிறக்கம்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஒரு மாசம் படுத்திருந்தாரு. அந்த மாசம் மீட்டரு தப்புக் காட்டுச்சு. நான் மீட்டருக்குள்ள அழுத்தம் பார்க்குற செல்லு போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டினேன். அதை மாட்டிச் சரி பண்றதுக்குள்ள அவரு வேலைக்கு வந்துட்டாரு. மீட்டரு சரியாயிடுச்சு. நான் செல்லுதான் காரணம்னு எழுதி வச்சேன். ஆவணி மாசம் நீங்கல்லாம் வேளாங்கண்ணிக்கு நடந்து போவீங்க, பத்து நாள் லீவு போடுவாரு. அப்பவும் ஆடும். இடி மின்னல்னு நினைச்சுப்பேன். ஆவணியில ஏது அவ்வளவு இடி. பதினோரு வருஷம். எல்லாம் அவரு கை. என் வளைவு இல்ல. மத்த ஸ்டேஷன்காரங்க குழாயும் என் குழாயும் ஒண்ணுதான். அவங்களுக்கு ஒரு அடைக்கலண்ணன் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்னைக்குக்கூட அவரு அதைச் சொல்லல பாரு. "பதினோரு வருஷமா நான்தாண்டா வடிக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சாவியக் குடுத்திருப்பேன். சார் பக்கத்துல நின்னாரு. என்னை அவரு முன்னால விட்டுக் குடுக்க மனசு வரல உங்கப்பாவுக்கு. சாரு போன பிறகுதான் கையைப் பிடிச்சாரு. அப்பவும் சொல்லல. சாவி மட்டும் குடுன்னாரு.

இரு, வர்றேன்.

இந்தா, இதுதான். ஷோகேஸுக்குப் பின்னால வச்சிருந்தேன். மல்லிகா கேட்டப்ப ஆசிட்டுன்னு சொல்லி வச்சேன். முக்கால் பாட்டில் இருந்துச்சு. மூடி சரியில்ல, எண்ணெயெல்லாம் மூணு வருஷத்துல பறந்து போச்சு. அடியில ரெண்டு விரக்கடை தண்ணி மட்டும் நிக்குது. மோந்து பாரு, இன்னும் வாடை இருக்கு. உங்கப்பா சட்டை வாடை இதுதானா? எதுக்கு இதை வச்சிருந்தேன்னு எனக்கே தெரியல. தூக்கி எறியணும்னு எத்தனை தடவை எடுத்திருப்பேன். கை வரல. சாவியும் இதோ, இந்தக் கொத்துலயே கிடக்கு. வீட்டுச் சாவியோட, வண்டிச் சாவியோட.

ஷெட்டுல ஏழு பேரு இருந்தோம்னு சொன்னேன்ல. அந்த வால்வை மூடாம இருந்திருந்தா தண்ணி நேரா எங்ககிட்டத்தான் வந்திருக்கும். நான் கம்ப்ரசருக்கு ரெண்டடியில நின்னேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்ல. மல்லிகாவுக்கும் இப்பத்தான் தெரியுது. என்னை அப்படிப் பார்க்காத மல்லிகா, நீயும் கேளு, நீயும் உட்காரு.

பேப்பர் வச்சிருக்கியா? டெலிபோன் கிட்ட ஒரு நோட்டு இருக்கு, எடு. நீயே எழுது பாப்பா. கையெழுத்து நான் போடுறேன். எழுது. பெறுநர் யாருன்னு அப்புறம் பார்த்துக்கலாம். "சம்பவ தினத்தன்று காலையில் மீட்டரைப் பரிசோதித்ததில் ஜீரோ சரியாக இருந்தது. எனினும் மழை மற்றும் குளிர் காரணமாக மேல்காலில் நீர் சேர்ந்திருக்க வாய்ப்பு..."

எதுக்கு நிறுத்திட்ட? எழுதும்மா.

எழுத மாட்டியா.

ஆமா. தண்ணியும் மழையும் குளிரும் சேர்ந்துதான் எல்லாம் பண்ணுச்சு, நான் எங்கயுமே இல்ல. சரி. அந்தத் தாளைக் கிழிச்சுரு. புதுசா எடு.

பூட்டுப் போட்டது கலியமூர்த்தின்னு எழுது. அடைக்கலம் வந்து சாவி கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு, கையைப் பிடிச்சுக் கேட்டாரு. நான் குடுக்கல. அதை முதல் வரியா எழுது பாப்பா. எழுதிட்டியா? அடுத்து, அவரு வால்வை மூடலன்னா நாங்க ஏழு பேரும் இருந்திருக்க மாட்டோம்னு எழுது. ஜீரோ சரியா இருந்துச்சுங்கறதை எழுத வேணாம். காலை அடைச்சுட்டுப் பார்க்கிற ஜீரோவுக்குக் காலுக்குள்ள நிக்கிற தண்ணி எங்க தெரியும். எழுதி முடி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அப்புறம் அண்ணிகிட்டக் கேட்டுச் சொல்லு, நாளன்னைக்கு மண்ணு கூட்ட நானும் வரலாமான்னு.